நாளுக்கு நாற்பது தடவை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் காப்பிக் காலத்தில்தான் வந்து நிற்கிறது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. ஹந்தானை மலைச் சரிவெல்லாம் ஒரு காலத்தில் காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், கிழவி கதை விடுகிறாள் என்று பார்க்கிறார்கள். அந்தப் பூவின் வாசனையைப் பற்றி நீங்கள் ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டீர்கள், அதனால் நான் அதற்குள் போகவில்லை. ஒரு கித்தாரைப் பற்றியும், அதை நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு காப்பிப் பருவத்தைப் பற்றியும் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகிற பாதையில், மலையடிவாரத்தில் ஒரு காப்பி ஸ்டோர் இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழம் வரும். வந்ததும் அதைப் பெரிய தொட்டித் தண்ணீரில் கொட்டுவார்கள். உள்ளே பருப்பில்லாத பழம் மேலே மிதக்கும். அதை வழித்துத் தள்ளிவிட்டு அடியில் தங்கியதை மட்டும் அள்ளிப் புசல் என்கிற அளவுப்பெட்டியில் போட்டு அளப்பார்கள். பிறகுதான் சதை நீக்குவது, ஊறவைப்பது, கழுவுவது, களத்தில் காயப்போடுவது எல்லாம். அந்த அளக்கிற வேலை என் அப்பாவுக்கு. ஸ்டோருக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. பின்விறாந்தையில் நின்றால் களம் முழுவதும் தெரியும். பழச்சதை குவிந்து புளிக்கிற வாடை எங்கள் சோற்றில்கூட அடிக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது.

அப்பா எதையும் அளக்காமல் விடமாட்டார். மழை பெய்தால் முற்றத்தில் ஒரு டம்ளரை வைத்து, விட்டதும் எத்தனை விரல் என்று பார்ப்பார். மாதா கோயிலில் சாமியாரின் பிரசங்கத்தை ஜெபமாலை மணிகளை உருட்டியே அளந்துவிடுவார். வெளியே வந்ததும், இன்றைக்கு அறுபது மணி, போன வாரம் நாற்பதுதான் என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடப்பாள். எனக்கு அது சிரிப்பாக இருக்கும். பிறகுதான் அவருக்கு ஏன் அப்படி என்று யோசித்தேன். அவர் சின்னப் பையனாக இந்தியக் கரையிலிருந்து புறப்பட்டு மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர். கூடை சுமக்க வந்த கூட்டத்தில் அவருக்கு மட்டும் எண்ணத் தெரிந்திருந்தது. எண்ணத் தெரிந்ததால்தான் முதுகிலிருந்து கூடை இறங்கியது. ஆனால் கப்பலேறும்போது எத்தனை பேர், மாத்தளை வந்து சேர்ந்தபோது எத்தனை பேர் என்பதை மட்டும் அவர் எங்களுக்குச் சொன்னதேயில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பறங்கிக் குடும்பம். நாங்கள் அந்த அம்மாளை நோனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் புருஷன் ரயில் பாதையில் பாலங்களைப் பார்க்கிற ஓவர்சியர். வேலை விட்டு வந்ததும் சட்டைப் பித்தான்களைக் கழற்றிவிட்டு, முன்விறாந்தையில் பிரம்புக் கதிரையில் சாய்ந்து கித்தார் வாசிப்பார். எத்தனையோ பாட்டைத் தொடங்குவார். முடிப்பது ஒரே ஒரு பாட்டைத்தான். துள்ளிக்கொண்டு போகிற பறங்கிப் பாட்டு. நான் வேலியோரம் நின்று அதைக் கேட்டுக் கேட்டு, வேலியில் என் தலை அளவுக்கு ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது.

அந்த வருஷம் அவர் காய்ச்சலில் செத்துப்போனார். நோனாவின் மகள் கொழும்பில் பிள்ளை பெற இருந்தாள். அதனால் நோனா நாலு மாதத்துக்குக் கொழும்பு போவதாக முடிவாயிற்று. வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்தார். கித்தாரைப் பூட்டின வீட்டில் வைத்தால் ஈரத்தில் ஊதிப்போகும் என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அதைப் பார்த்த பார்வையை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"எங்கட வீட்டில இனி இதை வாசிக்க ஆளில்ல. நான் தை பிறந்ததும் வருவேன். அதுக்குள்ள அவர்ட பாட்டை முழுசா வாசிச்சுக் காட்டினா இது பிள்ளைக்கு. இல்லாட்டி கோயிலுக்குக் குடுத்திருவேன்," என்றார்.

போவதற்கு முன் மூன்று நாள் காலையில் எனக்குச் சுருதி கூட்டக் காட்டிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு கம்பியை ஐந்தாவது கட்டத்தில் அழுத்தினால் அடுத்த கம்பியின் சத்தம் வரவேண்டும், வராவிட்டால் முறுக்கு, மெதுவாக முறுக்கு, அறுந்தால் கண்டியில் கிடைக்காது. பாட்டை நான் காதால் பிடித்ததை வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தேடியதிலேயே போயிற்று. ஒரு கம்பியில் மேலும் கீழும் தடவித் தடவி, இது அந்தச் சத்தமா, இல்லை, இதுவா, இல்லை. இடது கை விரல் நுனிகள் முதலில் சிவந்தன. பிறகு கொப்பளித்தன. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன், ஆவி பட்டால்கூட எரியும். பிறகு தோல் தடித்தது. நான் அந்தத் தடிப்பைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். அதை நம்பினால் நான் பெரிய வித்துவான்.

பாட்டு ஒருவழியாகத் தலையும் காலும் சேர்ந்து வந்ததும் அப்பா உள்ளே வந்தார். அவருக்கு இது ஒப்பந்தம். பருவம் முடிவதற்குள் சரக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு காலி பிஸ்கட் டின்னையும், ஒரு சிரட்டை நிறையக் காய்ந்த காப்பிக் கொட்டையையும் முன்னறை மேசையில் வைத்தார். பாட்டை ஒரு தடவை வாசித்தால் ஒரு கொட்டை டின்னுக்குள். நாளுக்கு நாற்பது தடவை. தை பிறப்பதற்குள் நாலாயிரம் ஆகும், நாலாயிரம் தடவை செய்த வேலை எந்த மடையனுக்கும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்கு முன் நான் வாசித்தது என்ன, வாசிக்காதது என்ன என்று எனக்கே தெரியாது. இப்போது டின்னைக் குலுக்கினால் தெரிந்தது. முதல் வாரம் கலகலவென்று சத்தம் வரும். போகப்போகச் சத்தம் கனத்தது. அந்தச் சத்தத்துக்காகவே விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து பையை எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். பிள்ளைக்கு என்ன ஆசை பாருங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா சொல்வார். எனக்கு அப்போது ஆசை கித்தாரின்மேலா, டின்னின்மேலா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

உண்மை என்று வந்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். இருபது தடவைக்கு மேல் விரல்கள் தாமாக ஓடும். நான் மனசுக்குள் வேறெங்கோ இருப்பேன். முப்பதுக்கு மேல் கடனே என்று ஓடும். அவசரமான நாளில் பாட்டின் கடைசித் துண்டை விட்டுவிட்டுக் கொட்டையைப் போட்டதுண்டு. இரண்டு கொட்டை ஒட்டிக்கொண்டு விழுந்துவிட்டால் திரும்ப எடுத்ததில்லை. பழம் அளக்க வருகிறவர்கள் மூட்டையின் அடியில் பச்சைக் காயைப் போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று அப்பா தினமும் சாப்பாட்டு நேரத்தில் திட்டுவார். நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன்.

கார்த்திகை மாதம் நடுவில் டின் நிறைந்தது. அப்பா இன்னொரு டின் கொண்டுவந்தார். கோயிலில் உபதேசியாரிடம் சொல்லி, அவர் பூசை முடிந்ததும் நாலு பேர் காதில் விழச் சொல்லி, எனக்கு ஒரு பெயரே உண்டாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மடுல்கெல்லத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பாவின் சிநேகிதர் கண்டிக்கு வந்தவர் எங்கள் வீட்டில் இறங்கினார். ஊரில் பஜனை பாடிப் பழகினவர், நல்ல ஞானம் உள்ளவர். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்பியும் கித்துள் கருப்பட்டியும் கொடுத்து உட்காரவைத்து, என்னைக் கூப்பிட்டார்.

நான் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் போட்டார். பாதிப் பாட்டில் அவர் கை அந்தரத்தில் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி தாளத்தைப் பிடித்தார். முடிந்ததும், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஏன் பாப்பா, அந்த இடத்தில் மூச்சு வாங்குதா என்று மெதுவாகக் கேட்டார்.

பாட்டே அப்படித்தான் என்று அப்பா முந்திக்கொண்டார்.

"நடுவுல நிக்கிற பாட்டு எங்கயாவது உண்டா?" என்றார் அவர்.

அப்பா எழுந்துபோய் டின்னை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். இரண்டாயிரம் தடவைக்கு மேல் வாசித்திருக்கிறாள், தெரியாமலா வாசிப்பாள் என்றார். வந்தவர் டின்னை எட்டிப் பார்த்தார். கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பெரிய மனுஷர். நான் இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அவர் சொன்னது சரி. பாட்டின் நடுவில், சத்தம் கீழேயிருந்து சட்டென்று மேலே ஏறுகிற ஒரு இடம் இருந்தது. இடது கை ஒரு தாவு தாவ வேண்டும். நோனாவின் புருஷன் அந்த இடத்துக்கு வந்தால் ஒரு விநாடி நிற்பார், தொண்டையைச் செருமுவார், பிறகு தொடர்வார். நான் வேலியில் நின்று பாட்டைப் பிடித்தபோது அந்த நிற்பையும் சேர்த்தே பிடித்துவிட்டேன். செருமல் ஒன்றுதான் பாக்கி. அதை இரண்டாயிரம் தடவை செய்து கல்லாக்கியும் வைத்திருந்தேன்.

சிநேகிதர் போன பிறகு அப்பா டின்னை மேசையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். அம்மா ஒரு மூலையில் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அதிகம் பேசாதவள். கித்தார் வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. தைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஸ்டோர்ல மிதக்கிறத வழிச்சுத் தள்ளிப்புட்டுத்தானே அளக்குறீங்க. வீட்டுல மட்டும் ஏன் எல்லாத்தையும் சேத்து அளக்குறீங்க?"

அப்பா மறுநாள் காலையில் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினார். இனி நிற்காமல், தப்பில்லாமல் வாசித்தால் மட்டும் ஒரு கொட்டை. அவர் கோபத்தில் சொல்லவில்லை, வேலையில் பிழை கண்டவர் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். அன்றைக்கு நாற்பது தடவை வாசித்தேன். டின்னில் ஒன்றுகூட விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் பத்தாவது தடவையில் கித்தாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அழுதேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று நடந்திருக்கும். இரண்டாயிரம் இருந்தது, ஒரே காலையில் வெறுமையாயிற்று. உண்மையில் நான் முந்தின நாளைவிட மோசமாகிவிடவில்லை. விரல் அதே விரல், பாட்டு அதே பாட்டு. ஆனால் அந்த வெறும் டின்னைப் பார்த்தால் கை எழவில்லை. ஆறு நாள் கித்தாரைத் தொடவில்லை. கோயில்காரர்கள்தான் எடுத்துக்கொள்ளட்டும், உபதேசியார் சிலந்தி வளர்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். தை பிறக்க ஒன்றரை மாதம்கூட இல்லை. தினமும் நாட்களை எண்ணினேன். அப்படியும் தொடவில்லை.

ஏழாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கித்தார் பின்விறாந்தையில் இருந்தது. தூசி துடைத்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்தபடியே சொன்னாள்.

"முன்னறையில உக்காந்து அந்த டின்னையே பாத்துக்கிட்டு இருக்காத. இங்க உக்காந்து களத்தப் பாத்து வாசி."

களத்தில் பெண்கள் காப்பி கிளறிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழுவின கொட்டையை விரல் கனத்துக்குப் பரப்பி, வெயில் எல்லாப் பக்கமும் படுவதற்காகக் காலாலேயே உழுதுகொண்டு போவார்கள். ஆறேழு பேர் வரிசையாக, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து, மதில் வரை போய்த் திரும்பி வருவார்கள். சரக் சரக் என்று ஒரே சத்தமாக இருக்கும். நான் மனமில்லாமல் வாசிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கால் என் பாட்டோடு சேர்ந்துகொண்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாக அப்படிப் போகும். அந்த இடம் வந்தது. நான் நின்றேன். ஆறேழு காலும் குழம்பி, ஒருத்தியின் மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

வரிசையில் முதலில் நடந்த மூக்குத்தி போட்ட அக்கா திரும்பிப் பார்த்து, அந்த இடத்தில் கால் எங்கே வைக்கிறதென்று தெரியவில்லை பாப்பா என்றாள். கேலியில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் பாட்டை முழுதாக வாசிக்காமல் அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். தாவலுக்கு முன் இரண்டு சத்தம், பின் இரண்டு சத்தம். நாலே நாலு. மெதுவாக, நோய்க்காரன் படியேறுகிற மாதிரி. அப்படி மெதுவாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் சுண்டுவிரல் சும்மா கிடக்கிறது. மூன்று விரலாலேயே தாவப் பார்க்கிறேன். அதனால்தான் நிற்க வேண்டியிருக்கிறது. நோனாவின் புருஷனுக்கு இடது சுண்டுவிரல் மடங்காது, பாலத்து வேலையில் நசுங்கிப்போனது. அதை நான் எத்தனையோ தரம் வேலி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஐந்து நல்ல விரலை வைத்துக்கொண்டு அவருடைய விரல்களால் வாசித்துக்கொண்டிருந்தேன்.

சுண்டுவிரலுக்கு வலுவில்லை. அழுத்தினால் கம்பி டப்பென்று செத்த சத்தம் போடும். அதைப் பழக்க ஒரு மாதம் பிடித்தது. இப்போது நான் கொட்டை போடவில்லை. அப்பா கேட்டால் இல்லை என்று தலையாட்டுவேன், அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார். நான் பார்த்ததெல்லாம் களத்தைத்தான். தினமும் பொழுது சாய்வதற்கு முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முழுப்பாட்டையும் வாசிப்பேன். முதலில் கால்கள் அந்த இடத்தில் குழம்பின. பிறகு தடுமாறிச் சேர்ந்தன. ஒரு நாள் அக்கா மட்டும் தப்பிப் போய்விட்டாள், பின்னால் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அவர்கள் கால் சொல்லிவிடும். அப்பாவின் நாலாயிரத்தைவிட எனக்கு அது போதுமானதாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, எனக்கு அந்த மாதம் வாசிக்கப் பிடித்திருந்தது.

இடையில் ஒரு நாள் மழை. மார்கழி மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஹந்தானைப் பக்கம் இருண்டதும் களத்தில் விழுந்துவிடும். காயப்போட்ட காப்பி நனைந்தால் கறுத்துப்போகும். அப்பா கத்தினார், ஸ்டோரில் உள்ளவர்கள், வீட்டில் உள்ளவர்கள், பாதையில் போனவர்கள் எல்லாம் ஓடினோம். நான் கித்தாரைப் போட்டது போட்டபடி ஓடிப் பலகையால் கொட்டையைத் தள்ளினேன். குவித்து மூடி முடிந்து, சொட்டச் சொட்டத் திரும்பிப் பார்த்தால் அம்மா மட்டும் களத்துக்கு வரவில்லை. விறாந்தையில் சாரல் அடிக்கிற பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுற்றி மடியில் கித்தாரை வைத்திருந்தாள். இத்தனை பேர் நனைகிறோம், நீ இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா என்று அப்பா திட்டினார். எனக்காகத்தான் அம்மா திட்டு வாங்குகிறாள் என்று நான் நினைத்தேன்.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. நான் வாசித்து முடித்துவிட்டுக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்து, இன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லையே என்றாள். அப்போதுதான் களத்தைப் பார்த்தேன். அவர்கள் மதில் வரை போய்த் திரும்பிப் பாதி தூரம் வந்திருந்தார்கள். அவரவர் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டியது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் நோனா வந்தார். பேரனைப் பார்த்து வந்த களை முகத்தில் இருந்தது. ஆனால் உடம்பு இளைத்திருந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவரை முன்னறைக் கதிரையில் உட்காரவைத்தார். நான் கையைப் பாவாடையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினேன். பயத்தில் முதலில் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன். அந்த இடம் நெருங்க நெருங்க நோனா கதிரையில் முன்னால் சாய்ந்தார். நான் நிற்பேன் என்று அவர் உடம்பே எதிர்பார்த்தது. சுண்டுவிரல் போய் உட்கார்ந்தது. பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

முடிந்ததும் நோனா மடியில் கைக்குட்டையைத் தேடினார். அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தவறிப்போயிற்றோ என்று நான் கித்தாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கலியாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து கேக்கிற பாட்டு. நிக்காம இன்னைக்குத்தான் கேக்கிறேன்," என்றார். பிறகு சிரித்தார். "அவர் அந்த இடத்தில நிக்கும்போதெல்லாம் குசினியில இருந்து சத்தம் போடுவேன். இருபது வருசமா அதே இடம். வெக்கமே இல்லாம அடுத்த நாளும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவார்."

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கித்தார் பிள்ளைக்குத்தான் என்றார். நான் இதுவரை எத்தனை தடவை வாசித்திருக்கிறேன் என்று அப்பா அவருக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கினார். நோனா தலையாட்டிக்கொண்டு கேட்டார். நான் தலைகால் புரியாமல் களத்துக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். அவள் வியர்வைக் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். ஆனால் இத்தனை வயசுக்கு மேல் நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கித்தார் என்னுடையது ஆன மறுநாள் நான் அதை எடுக்கவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. பருவம் முடிந்து களத்துப் பெண்கள் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் எந்தத் தேதிக்கும் வரப்போவதில்லை. அப்பா முன்னறையில் ஆணியடித்துக் கித்தாரை மாட்டினார். அவருக்கு அது முடிந்த வேலை, போய்ச் சேர்ந்த சரக்கு. விருந்தாளி வந்தால் இறக்கிக் கொடுப்பார், நான் அதே பாட்டை வாசிப்பேன், அவர்கள் ஆகா என்பார்கள், மறுபடி ஆணியில் ஏறும். இன்னொரு பாட்டுத் தேடலாம் என்று நினைப்பேன். தேடினால் முதல் இரண்டு வாரம் விரல் தடவிக்கொண்டு மடச்சியாக உட்கார வேண்டும். நன்றாக வாசிக்கிறவள் என்று பெயர் எடுத்த பிறகு அதற்கு மனம் வரவில்லை. வைகாசி மழைக்குள் என் விரல் நுனியில் தோல் மிருதுவாகிவிட்டது.

ஆனி மாதம் ஒரு நாள் வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தை மத்தியானத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் வந்தபோது பின்பக்கம் கித்தார்ச் சத்தம் கேட்டது. முன்னறை ஆணி வெறுமையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரோ புகுந்து கம்பியை அறுக்கப் போகிறது என்று கோபமாகப் போனேன்.

அம்மா பின்விறாந்தையில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஈரக் கூந்தல், அடுப்புப் புகை வாடை, மடியில் கித்தார். அது நான் வாசித்த பாட்டு இல்லை. அவள் சின்ன வயசில் தோட்டத்து லயக் குடியிருப்பில் கேட்ட ஏதோ தாலாட்டாக இருக்க வேண்டும். பாட்டென்று சொல்ல முடியாது, துண்டு துண்டாக வந்தது. ஒரு சத்தத்தைத் தேடுவாள், தப்பாக வரும், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள், மறுபடி தேடுவாள். கண்டுபிடித்தால் அதையே மூன்று நாலு தரம் தட்டிப் பார்த்து ருசிப்பாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு முகம் உண்டென்பதே எனக்குத் தெரியாது.

நான் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். திருடிப் பிடிபட்டவள் மாதிரிக் கையை எடுத்தாள். நான் போய் அந்த இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். நாலு விரல் நுனியிலும் தோல் தடித்து, மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. எனக்குத் தெரியும் அது எத்தனை மாதத்து வேலை என்று. நான் கட்டிலுக்கடியில் தள்ளிய நாட்களில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில், அப்பா ஸ்டோரில் அளந்துகொண்டிருந்த நாட்களில் எல்லாம் அவள் வாசித்திருக்கிறாள். அந்த வீட்டில் யாருமே அவளுக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரிந்தால் டின்னை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று சொல்லிச் சிரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசி அம்மா, நான் கேட்கிறேன் என்றேன். அவள் கித்தாரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கம்பியின் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"நீ உள்ள போ பாப்பா. நீ கேட்டா எண்ணுவ."

நான் எழுந்து உள்ளே போனேன். வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஆறு தப்பு எண்ணியிருந்தேன்.